அந்தப் பெரியவர் சொன்ன "தோள்"

2013 மார்ச் கடைசி. ஸ்கொட்லாந்தின் கிழக்கு ஏர்ஷயரில் ஒரு பழைய பால்பண்ணை வீட்டுக் குசினியில் உட்கார்ந்திருந்தேன். பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எதிர்க் கதிரையில் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். வலது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம். அவருடைய காலை மெதுவாக மடக்கிப் பார்த்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கதிரைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

நோகிறதா என்று கேட்டேன்.

"ஆல் தோள் இட், ஹென்" என்றார்.

"ஹென்" எனக்குப் பழகியிருந்தது. மேற்கு ஸ்கொட்லாந்தில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவார்கள், யாழ்ப்பாணத்தில் "பிள்ளை" என்பது போல. மற்றச் சொல்தான் புதிது. ஒரு கணம் அது தமிழாகவே காதில் விழுந்தது. தோல் என்கிறாரா? தையல் போட்ட இடத்துத் தோல் இழுக்கிறதா? குனிந்து பார்த்தேன். காயம் உலர்ந்து சுத்தமாக இருந்தது. சரி, பரவாயில்லை என்று ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பூச்சியத்திலிருந்து பத்துவரை வலிக்கு எத்தனை என்று கேட்டபோது மூன்று என்றார். மூன்று என்றே எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது முழங்கால் 70 பாகைக்கு மேல் மடங்கவில்லை. அந்த நேரத்துக்குத் தொண்ணூறாவது வந்திருக்க வேண்டும். முழங்கால் மாற்றியவர்களுக்கு முதல் ஆறு வாரம் மிக முக்கியம். அந்த நாட்களில் மடக்காத மூட்டு இறுகிவிடும், பிறகு அதை இளக்குவது பெரிய பாடு. பெரியவர் நோ மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. மாத்திரை இல்லாத நோவில் பயிற்சியும் முழுதாகச் செய்ய முடியவில்லை. யாரிடமும் முறையிடவும் இல்லை.

அலுவலகம் திரும்பி, என்னுடன் வேலை செய்த ஒரு மூத்த அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் ஏர்ஷயரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் முடிக்கும் முன்பே கேட்டார்: "தோள் என்று சொன்னாரா? அப்படியென்றால் அவருக்கு நல்லா நோகுது."

இந்தப் பதில் இத்தனை வருஷமும் எனக்குள் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை விளங்கியிருந்தால் இரண்டு வாரத்தை இழந்திருக்க மாட்டேன்.

*

ஆங்கில எழுத்தில் அது டி, எச், ஓ, எல், ஈ. முதல் ஒலியைச் சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கிடையில் வரும். நம் தகரத்துக்குப் பக்கத்து ஒலி. கடைசி ஒலியை ஸ்கொட்லாந்துக்காரர்கள் நாக்கைப் பின்னுக்கு இழுத்துக் கனமாகச் சொல்வதால் அது லகரமும் இல்லாமல் ளகரமும் இல்லாமல் நடுவில் நிற்கும். முதலில் எனக்குத் தோல் என்று கேட்டது. பொருள் தெரிந்த பிறகு தோள் என்றே கேட்கிறது. சுமை இருக்கும் இடம் தோள்தானே. இரண்டு மொழிக்கும் இந்தச் சொல்லில் உறவு கிடையாது, வெறும் ஒலி ஒற்றுமைதான். இருந்தாலும் இந்தக் கட்டுரையில் தோள் என்றே எழுதப் போகிறேன்.

பொருள் என்ன? அகராதியைப் பார்த்தால் சகித்தல், தாங்குதல், பொறுத்தல் என்று வரும். அது போதாது. ஆங்கிலத்தில் ஒருவர் "ஐயாம் ஃபைன்" என்றால் வலி இல்லை என்றோ, அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை என்றோ பொருள். "தோள்" அப்படி எதையும் மறைப்பதில்லை. வலி இருக்கிறது, அது பாரமாக இருக்கிறது, நான் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று மூன்றையும் ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. கேட்கிறவருக்குத்தான் காது வேண்டும்.

அன்றாடப் பேச்சில் இதை எதிர்மறையில்தான் கூடுதலாகக் கேட்கலாம். "ஐ கன்னே தோள் ஹிம்" என்றால் அந்த ஆளை என்னால் சகிக்க ஏலாது. மழையைத் தோள் பண்ண ஏலாது, பல்வலியைத் தோள் பண்ண ஏலாது, தொலைக்காட்சியில் வரும் ஒரு குரலைத் தோள் பண்ண ஏலாது. தாங்கக்கூடிய அளவில் இருந்தால் "தோளபிள்" என்பார்கள். என்னுடைய நோயாளிகளில் வயதானவர்கள் பலருக்கு வலியை அளக்க இந்தச் சொல்தான் இருக்கிறது. எங்கள் பத்துப் புள்ளி அளவுகோல் அவர்களுக்கு அந்நியமாகவே படுகிறது.

மருத்துவத்தில் வலியை விவரிக்கவென்றே ஒரு சொற்பட்டியல் உண்டு. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்டது. 78 சொற்கள், 20 குழுக்கள். குத்துகிறது, எரிகிறது, துடிக்கிறது, தாங்க முடியாதது என்றெல்லாம் அதில் இருக்கும். நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் சொற்கள் எல்லாமே வலியைப் பற்றியவை. வலியைச் சுமந்து நிற்கும் ஆளைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. எங்கள் பெரியவரோ வலி எப்படிப்பட்டது என்று சொல்லவே இல்லை, தான் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னார்.

*

அதற்குப் பிறகு இரவுகளில் இந்தச் சொல்லைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இது ஸ்கொட்லாந்தில் பேசும் ஸ்கொட்ஸ் மொழிச் சொல். அந்த மொழிக்கு நல்ல அகராதிகள் இருக்கின்றன. ஜோன் ஜேமிசன் 1808இல் ஒன்று வெளியிட்டார். பிறகு வில்லியம் கிராண்ட் தொடங்கி டேவிட் மூரிசன் முடித்த தேசிய அகராதி, 1931 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகள். பழைய ஸ்கொட்ஸுக்கு வேறாகப் பன்னிரண்டு தொகுதிகள், அது முடிய 2002 ஆகிவிட்டது. இரண்டையும் சேர்த்து 2004 முதல் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்காகத் திறந்து விடியும்வரை படித்த நாட்கள் உண்டு.

ஸ்கொட்ஸ் என்பது கெட்டுப்போன ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெரியவருக்கே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் பேசுவதுபோல வகுப்பில் பேசினால் உள்ளங்கையில் தோல்வார் அடி. உண்மையில் ஸ்கொட்ஸும் இன்றைய ஆங்கிலமும் பழைய ஆங்கிலத்தின் வெவ்வேறு கிளைகள். வடக்கே நார்தம்பிரியாவில் பேசப்பட்ட கிளையிலிருந்து வந்தது ஸ்கொட்ஸ். 2011இல்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக இந்த மொழியைப் பற்றிக் கேட்டார்கள். பேசுவோம் என்றவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம். 2025இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் கேலிக் மொழியோடு ஸ்கொட்ஸுக்கும் சட்டப்படி அங்கீகாரம் கொடுத்தது. பெரியவர் அதைப் பார்க்க இருக்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் "தோலியன்". அன்று இதன் முதல் ஒலியை இரண்டு எழுத்தாக எழுதவில்லை. "தோர்ன்" என்று ஒற்றை எழுத்து இருந்தது, முள் என்று பெயர். நேரான கம்பின் நடுவில் முள் முளைத்தது போன்ற உருவம். பழைய ஜெர்மானிய மக்களின் ரூன் எழுத்துகளிலிருந்து வந்தது அது.

பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தில் இந்தச் சொல் வருகிறது. அதில் ஓரிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதிர்ந்த அரசன் பறவைநாகத்தோடு கடைசிப் போருக்குப் போகுமுன் தன் வீரர்களிடம் பேசுகிறான். இந்த வாள் "தோலியன்" செய்யும்வரை நான் போரிடுவேன் என்கிறான். வாள் துன்பப்படாது. அங்கே பொருள் முறியாமல் நிற்பது, அடி விழுந்தாலும் உருக்குலையாமல் இருப்பது. அந்தப் போரில் வாள் முறிந்துவிடுகிறது.

சொல்லின் பழைய பொருள்களை அடுக்கிப் பார்த்தால் துன்பப்படு, தாங்கு, தரித்திரு, அனுமதி என்று விரிகிறது. தெற்கே பிரெஞ்சு வழியாகவும் இலத்தீன் வழியாகவும் வந்த சொற்கள் இந்த வேலைகளைப் பங்குபோட்டுக்கொண்டன. சஃபர், என்டியூர், பிறகு டாலரேட். பொது ஆங்கிலம் தன்னுடைய பழைய சொல்லைக் கைவிட்டது. வடக்கு இங்கிலாந்துக் கிராமங்களும் ஸ்கொட்லாந்தும் விடவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். படகில் துடுப்பைப் பொருத்தும் முளைக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கூட்டில் பெயர் உண்டு. துடுப்பின் இழுப்பைத் தாங்கும் முளை என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்கத் தோன்றும், நானும் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு சொற்கள்.

*

அடுத்த வருஷம் நவம்பரில் இதே சொல்லைப் பத்திரிகையில் முதற்பக்கச் செய்திக்குள் பார்த்தேன், நீதிமன்றச் சொல்லாக.

1977 அக்டோபரில் எடின்பரோவில் வேர்ல்ட்ஸ் எண்ட் என்ற மதுச்சாலையிலிருந்து கிளம்பிய இரண்டு பதினேழு வயதுப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 2007இல், ஆங்கஸ் சின்க்ளேர் என்பவர் மீது வழக்கு நடந்தது. சாட்சியம் போதாது என்று நீதிபதி இடையிலேயே வழக்கை முடித்துவிட்டார். அன்றைய ஸ்கொட்லாந்துச் சட்டத்தில் ஒருவன் ஒரு குற்றத்துக்காக ஒருமுறை விசாரணையை எதிர்கொண்டு முடித்துவிட்டால் அதே குற்றத்துக்காக அவனை மறுபடி நிறுத்த முடியாது. அந்த நிலைக்குச் சட்டத்தில் உள்ள பெயர் "தோள்ட் அசைஸ்". அசைஸ் என்றால் ஜூரி விசாரணை. ஸ்கொட்லாந்தில் ஜூரியில் பதினைந்து பேர் இருப்பார்கள். அவன் தன் விசாரணையைத் "தோள்" பண்ணிவிட்டான், அதாவது அந்தப் பாரத்தைச் சுமந்து முடித்துவிட்டான், இனி அவன்மேல் அதை ஏற்றக்கூடாது.

இந்த வழக்கு எழுப்பிய கோபமும் சேர்ந்துதான் 2011இல் புதிய சட்டம் வந்தது. வலுவான புதிய ஆதாரம் கிடைத்தால் மறுவிசாரணைக்கு வழி திறந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் மறுபடி விசாரிக்கப்பட்டவர் சின்க்ளேர்தான். 2014 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. குறைந்தது 37 வருஷச் சிறை. கொலை நடந்து அந்தத் தீர்ப்பு வரவும் 37 வருஷமே ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் அத்தனை காலமும் செய்துகொண்டிருந்ததற்கும் ஸ்கொட்ஸில் இந்தச் சொல்தான்.

பண்ணைவீட்டுக் குசினியில் வலிக்குச் சொன்ன சொல்லும் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கிக்காரர்கள் சொல்லும் சொல்லும் ஒன்றே என்பது எனக்கு அன்று பெரிய வியப்பு. பள்ளிக்கூடம் அடித்துத் திருத்தப் பார்த்த பேச்சுக்குள் நாட்டின் சட்டமொழியும் இருந்திருக்கிறது.

*

ஏர்ஷயரில் இருந்துகொண்டு கவிஞர் ராபர்ட் பேர்ன்ஸைச் சொல்லாமல் போக முடியாது. 1759இல் அலோவேயில் பிறந்தவர். மொக்லின் ஊருக்குப் பக்கத்தில் மொஸ்கியல் பண்ணையைத் தம்பியோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, 1785 நவம்பரில், எலிக்கு ஒரு கவிதை எழுதினார். உழும்போது கலப்பை எலியின் கூட்டைப் பெயர்த்துவிடுகிறது. சருகும் தாளும் கொறித்துச் சேர்த்த கூடு. இனி வீடும் இல்லை ஒதுங்க இடமும் இல்லை, குளிர்காலத்துப் பனிமழைத் தூறலையும் உறைபனியையும் நீ தோள் பண்ண வேண்டும் என்று அந்தக் குட்டி உயிரிடம் சொல்கிறார்.

உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது அந்தக் கவிதையின் வேறு வரிகள். எனக்கு இந்த வரிதான் பெரிது. எழுதியவருக்கு இருபத்தாறு வயது, குத்தகைக் களிமண் நிலம், கையில் கலப்பை. எலிக்குச் சொல்லும் சொல்லைத் தன் குடும்பத்துக்கும் சொல்லியிருக்க வேண்டிய வாழ்க்கை. அதனால்தான் அது மேலிருந்து காட்டும் இரக்கமாகப் படவில்லை.

நான் முதலில் போன அந்த வாரத்திலும் பனி. மார்ச் முடியும் நேரத்தில் அரன் தீவிலும் கின்டயரிலும் அப்படிக் கொட்டியது. மின்சாரம் போனது, குட்டி போடும் பருவத்தில் ஆடுகள் பனிக்குள் புதைந்து செத்தன. பெரியவர் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, தன் காலை மறந்து, "அவர்கள் தோள் பண்ணத்தான் வேணும்" என்றார். முகம் அந்தத் திரையிலேயே இருந்தது.

பனியையும் மழையையும் பற்றி வந்ததால் இன்னொன்று. 2019இல் ஸ்கொட்டிஷ் புக் டிரஸ்ட் நடத்திய வாக்கெடுப்பில் எல்லாருக்கும் பிடித்த ஸ்கொட்ஸ் சொல்லாக வந்தது "ட்ரீக்". சாம்பல் வானம், விடாத தூறல், ஈரக்குளிர், எல்லாம் சேர்ந்த நாளைச் சொல்வது. அதன் பழைய பொருள் நீண்டது, முடியாமல் இழுப்பது. "ட்ரீ" என்று இன்னொரு ஸ்கொட்ஸ் வினை உண்டு, அதுவும் அந்தக் குடும்பமே. அதற்கும் பொருள் பொறுத்தல்தான். தன் விதியை அனுபவித்துத் தீர்ப்பதை அந்த வினையால்தான் சொல்வார்கள். வானிலைக்கு வந்த சொல்லும் சகிப்புக்கு வந்த சொல்லும் ஒரே வேரில் இருக்கும் ஊர் இது. பதின்மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டேன், எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

*

1600களின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களோடு இந்தச் சொல்லும் கடல் தாண்டியது. அங்கே ஏற்கனவே ஐரிஷ் பேசிக்கொண்டிருந்தவர்கள், நிலத்தை இழந்தவர்கள், அவர்கள் வாய்க்கும் நாளடைவில் அது போய்ச் சேர்ந்தது.

கவிஞர் ஷேமஸ் ஹீனி அந்த ஊர்க்காரர். 1999இல் பேயோவுல்ஃபை மொழிபெயர்த்து வெளியிட்டபோது முன்னுரையில் இந்தச் சொல்லைப் பற்றி எழுதினார். பழைய ஆங்கிலச் சொற்பட்டியலில் "தோலியன்" என்று பார்க்கிறார். முதலில் அந்த முள்ளெழுத்தால் அது அந்நியமாகத் தெரிகிறது. பிறகு தெரிகிறது, இது வீட்டில் தன் அத்தை சொல்லும் சொல். ஒரு குடும்பத்தில் எதிர்பாராத சாவு விழுந்தால் அத்தை சொல்வாராம், அவர்கள் தோள் பண்ணப் பழகத்தான் வேண்டும் என்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய காப்பியத்துக்குள் நுழைய அவருக்குக் கிடைத்த வாசல் அத்தையின் பேச்சு. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் யாருடைய மொழி என்ற கேள்வி நெடுநாள் இருந்திருக்கிறது. இந்தச் சொல்லின் வழியாக அவர் அதற்கு ஒரு பதிலைக் கண்டார் என்றே நான் வாசித்தேன்.

அந்த முன்னுரையை ரயிலில் வாசித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு அம்மம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1995 அக்டோபர் 30. போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிளம்பியது. எனக்குப் பத்து வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இருட்டுக்குள் சனம், மழை, சைக்கிள், மாடு. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு எவ்வளவோ நேரம். எனக்குக் கால் நொந்தது, அழுதேன். அம்மம்மாவின் கால்கள் எனக்குத் தெரிய வீங்கியிருந்தன. அவர் சொன்னதெல்லாம் ஒரே சொல்: "பொறு பிள்ளை."

நில் என்றாரா, தாங்கிக்கொள் என்றாரா என்று இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை. தமிழில் அந்த இரண்டும் ஒன்றே. கொஞ்சம் பொறுங்கோ என்றால் காத்திருங்கள். பிழையைப் பொறு என்றால் மன்னி. பொறை என்றால் பழந்தமிழில் பாரமும் அதுவே, பொறுமையும் அதுவே. பொறுப்பு என்று நாம் சொல்வதும் ஒருவர் தலையில் ஏற்றிய பாரத்தைத்தான். ஸ்கொட்ஸில் ஒரு பழமொழி உண்டு, தோள் பண்ணுகிறவன் வெல்வான் என்று. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதைப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது, பூமிவரைக்கும் தங்கள் பழமொழி போகவில்லை என்றார்.

*

"தோள்" தமிழுக்கு உறவில்லை என்று மேலே எழுதினேன். அது ஒலிக்கு. வேரைத் தோண்டிக்கொண்டு போனால் வேறொரு வழியில் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

இந்தோ ஐரோப்பிய மொழிகளின் ஆதியில் தூக்கு, சும என்ற பொருளில் ஒரு வேர் இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். ஜெர்மனில் பொறுமைக்குச் சொல்லும் கெடுல்ட், சுவீடிஷில் பொறுமையைக் குறிக்கும் டோலமூட், இரண்டும் அந்த வேரிலிருந்து வந்தவை. பழைய ஸ்கொட்ஸிலும் டோலமூட் போலவே "தோல்மூட்" என்று ஒரு சொல் இருந்தது, பொறுமையுள்ள மனம். இலத்தீனின் டொலெராரே, அதிலிருந்து ஆங்கிலத்தின் டாலரேட். ஆக, ஏர்ஷயர் விவசாயியின் "தோளும்" படித்தவர்களின் "டாலரேட்டும்" தூரத்துச் சகோதரர்கள். கிரேக்கத்தில் வானத்தைச் சுமந்து நிற்கும் அட்லஸின் பெயரையும் பலர் இங்கேதான் சேர்ப்பார்கள். கிரேக்கரிடம் தராசுக்கும் எடைக்கும் தலன்டொன் என்று பெயர். அந்த எடையளவு வெள்ளிக்கும் அதுவே பெயரானது. தமிழ் வேதாகமத்தில் எசமான் வேலைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகும் தாலந்து அதுதான்.

சமஸ்கிருதத்தில் அதே வேர் துலா ஆனது. தூக்கி நிறுக்கும் கோல், தராசு. அங்கிருந்து தமிழுக்கு வந்து துலாம் ராசி, துலாபாரம், துலாக்கோல்.

இதை வாசித்த இரவு எழும்பி நடந்தேன். யாழ்ப்பாணத்தில் துலா என்றால் ராசியோ தராசோ முதலில் ஞாபகம் வராது. கிணற்றுத் துலாதான். எங்கள் ஊரில் ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே இருக்கும் நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தால்தான் தோட்டம். இரண்டு ஆடுகால், மேலே குறுக்காக நீள மரம், அதன் முனையிலிருந்து தொங்கும் துலாக்கொடி, கொடியின் நுனியில் பனையோலைப் பட்டை. ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், இன்னொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். அப்பப்பா துலா மிதித்தவர். விடிய முன்னம் தொடங்கி வெயில் ஏறும்வரை புகையிலைக்கும் வெங்காயத்துக்கும். பிறகு மண்ணெண்ணெய் மெஷின் வந்தது. நான் பிறந்தபோது வளவுக் கிணற்றில் துலா வெறுமனே சாய்ந்து கிடந்தது. அவர் பாதத்தின் அடி மரம்போல இருந்ததைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பாரத்தைத் தூக்கும் மரத்துக்குப் பெயர் துலா. பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குப் பெயர் தோள். ஒரே வேர், ஏர்ஷயருக்கு ஒரு வழி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு வழி.

*

எனக்கு இந்தச் சொல்லில் ஒரு கரைச்சலும் உண்டு. அதையும் எழுத வேண்டும்.

ஒருவர் தன்னைப் பற்றி "தோள் பண்ணுகிறேன்" என்று சொல்லும்போது அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அடுத்தவரைப் பார்த்து "நீ தோள் பண்ணத்தான் வேணும்" என்று சொல்லும்போது அதே சொல் கதவைச் சாத்திவிடுகிறது. ஹீனியின் அத்தை சாவு வீட்டைப் பற்றிச் சொன்னது வேறு. அங்கே செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் மாத்திரை இருக்கும்போது வலியைத் தோள் பண்ணச் சொல்வதும், ஈரச் சுவரைத் திருத்தித் தரக்கூடிய வீட்டுக்காரர் குடியிருப்பவரைத் தோள் பண்ணச் சொல்வதும் அதே ரகம் இல்லை. எங்கள் ஊரில் கலியாணம் செய்து போன பிள்ளைகளுக்குச் சொல்லும் "பொறுத்துப் போ" எத்தனை பேரை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் சொந்தத்திலேயே தெரியும். அந்தப் "பொறு"வுக்கும் நாவற்குழிப் பாலத்தில் அம்மம்மா சொன்ன "பொறு"வுக்கும் எழுத்து ஒன்று. அம்மம்மா என்னோடு நடந்துகொண்டே சொன்னார்.

வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் வலிமை என்று இந்தச் சொல்லை யாரும் பாராட்டும்போது எனக்கு ஒப்பவில்லை. 70 பாகையில் இறுகிப்போன முழங்காலைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் "தோள்" என்பது ஓர் அறிவிப்பு. என்மேல் பாரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மற்றப் பக்கத்தைப் பிடிப்பது கேட்டவரின் வேலை.

*

விஷயம் விளங்கிய பிறகு நான் அந்தப் பெரியவரிடம் கேட்கும் விதம் மாறியது. பூச்சியத்திலிருந்து பத்து என்று கேட்பதை விட்டேன். இப்போது எதைத் தோள் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். இரவில் முழங்காலுக்குப் பின்னால் ஓர் இழுப்பு. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, அதனால் போடுவதில்லை. கீழே சோஃபாவில் படுக்கிறார், முதுகு நோகிறது. மனைவி போன பிறகு அந்த மேல்மாடி அறையில்தான் தூக்கம் வரும், ஏறத்தான் முடியவில்லை. ஒவ்வொன்றாக, ஒரு முறைப்பாட்டுத் தொனியும் இல்லாமல், வரவு செலவு வாசிப்பதுபோல.

டொக்டரிடம் பேசி மாத்திரையை மாற்றினோம். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு போடும்படி அவருடைய மகள் பார்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் 75. அப்புறம் 82. மே மாதம் 90ஐத் தொட்டது.

அன்றைக்குப் படி ஏறிப் பார்ப்போம் என்றேன். பதின்மூன்று படி. நல்ல கால் முதலில், மாற்றிய கால் பின்னால், கை பிடிச்சுவரில். நான் ஒரு படி கீழே. எட்டுவரை நிற்காமல் ஏறினார். ஒன்பதாவது படியில் நின்றார். பிடிச்சுவரைப் பிடித்த விரல்கள் மறுபடி வெளுத்திருந்தன.

"இதை என்னால் தோள் பண்ண ஏலாது, ஹென்" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை எதிர்மறையில் கேட்டது அதுதான் முதல்முறை. சரி, இருப்போம் என்றேன். மெதுவாகத் திருப்பி அந்தப் படியிலேயே இருத்தினேன், நான் அடுத்த படியில் இருந்தேன். மாடிப்படி ஜன்னலால் பக்கத்துப் பண்ணை தெரிந்தது. குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நின்ற பசுக்களை அந்த வாரம்தான் புல்லுக்கு அவிழ்த்துவிட்டிருந்தார்கள். செம்பழுப்பும் வெள்ளையுமான ஏர்ஷயர் பசுக்கள். அவர் அவற்றை எண்ணினார். ஒன்று நொண்டுகிறது, யாராவது கவனித்தார்களோ தெரியாது என்றார்.

பத்து நிமிஷம் இருந்திருப்போம். பிறகு என் கையைப் பிடித்து எழும்பி, மிச்சம் நாலு படியையும் ஏறினார்.